அடுப்பு மூட்டாமல் பசியாறியது

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வாழைப்பழ மண்டி. சிறுமலையிலிருந்து குதிரை முதுகில் இறங்கும் தார்களில் பாதி எங்கள் மண்டியில்தான் வந்து சாயும். நல்ல சீப்புகள் வெளியூர் போய்விடும். காம்பு ஒடிந்தது, தோல் கறுத்தது, தாரிலிருந்து உதிர்ந்தது எல்லாம் கூடையோடு வீட்டுக்கு வரும். காலையில் எங்களுக்குப் பசியாற அதுதான். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் பேர். அம்மா அவலை இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிந்து, மலைவாழைப்பழத்தை வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டு, தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து ஆளுக்கொரு பீங்கான் கோப்பையில் கொடுத்துவிடுவார். பப்பாளி இருந்தால் பப்பாளி, கொய்யா இருந்தால் கொய்யா. ஆயக்குடிக் கொய்யா வரும் மாதங்களில் கோப்பை கைக்கு வருவதற்கு முன்பே மணம் வந்துவிடும். பால் பிழிகிற நேரம்தான் நேரம். மற்றபடி கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாரும் தின்று முடித்துக் கிளம்பிவிடுவோம். எங்கள் வீட்டில் அடுப்பு பத்து மணிக்குத்தான் எரியும்.

இதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்று கல்யாணம் ஆகும்வரை எனக்குத் தெரியாது.

ஐம்பதுகளின் கடைசியில் நாகல் நகர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் வாழ வந்தேன். வீட்டில் மூன்றே பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் தோல் ஷாப் என்போம். பேகம்பூரில் அப்படியொரு தோல் ஷாப்பில் இவர் மேஸ்திரி. மாமாவை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குச் சில வருஷம் முன்பே மௌத்தாகிவிட்டார். மௌத் என்றால் சாவு. ஆக, வீட்டில் ஆட்சி மாமியுடையது. கெட்ட ஆட்சி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அடுப்பு விஷயத்தில் மட்டும் யாரும் வாய் திறக்க முடியாது.

மாமி விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து, தொழுத கையோடு அடுப்பை மூட்டுவார். சந்தில் முதல் புகை எங்கள் வீட்டு ஓட்டுக்கு மேலேதான் எழும். அதைப் பார்த்துவிட்டு மற்ற வீட்டுப் பெண்கள் கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு கங்கு வாங்க வருவார்கள். தீப்பெட்டி எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆனாலும் மாமி அடுப்பில் நெருப்பு வாங்கி மூட்டினால் அன்றைக்குச் சோறு குறையாது என்று சந்துக்குள் ஒரு பேச்சு. எதிர்வீட்டு அக்கா ஒருநாளும் தவற மாட்டார். அவர்கள் சாணார்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் புருஷன் ஊரிலிருந்து வரும் கத்தரிக்காயையும் தக்காளியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். அந்த அக்கா மாமியைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார். கொட்டாங்குச்சியில் கங்கை அள்ளிப் போடும்போது மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊருக்கே படியளக்கிற பெருமை அதில் இருக்கும்.

ஆனால் மாமிக்கு இளைப்பு.

சமையல்கட்டு என்று சொன்னது அறை மூலையில் ஒரு பொந்து. கைப்பிடி அகலத்தில் ஒரு சன்னல், அதற்கு நேர் கீழே அடுப்பு. பனிக்காலத்தில் விறகு இரவெல்லாம் ஈரம் குடித்துவிட்டு, காலையில் எரியமாட்டேன் என்று புகைந்துகொண்டே கிடக்கும். மாமி குனிந்து ஊதாங்குழலில் ஊதுவார். தனக்கே பற்றாத மூச்சை எடுத்து அடுப்புக்குக் கொடுப்பார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து இருமுவார். அந்த இருமல்தான் சந்துக்கு விடிகாலை மணி. எனக்கு முன்கோபம் அதிகம். அவர் இருமும்போதெல்லாம் எனக்கு அந்த அடுப்பை எட்டி உதைக்க வேண்டும் போல் இருக்கும்.

நான் வந்த புதிதில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தபோது எதிர்வீட்டு அக்கா கேலி செய்தார்.

"புதுப்பொண்ணு புகைக்கு அழுகுதா, மாமியாளுக்கு அழுகுதா?"

"ரெண்டுக்குந்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் மாமி பின்னால் நிற்பது தெரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

இரண்டாவது வருஷ ஐப்பசி மழையில் மாமிக்கு மூச்சு முட்டிக் கண் மேலே சொருகிவிட்டது. குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டுச் சரியான பிறகு டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"காலையில விறகுப் புகை இவங்களுக்கு ஆகவே ஆகாதும்மா. பனி, ஈர விறகு, காத்தில்லாத ரூம், மூணும் சேர்ந்து கொல்லுது. இன்னொரு தடவ இப்படி வந்தா என் கையில இல்ல."

அடுப்பு நான் மூட்டினால் போயிற்று என்று முதலில் நினைத்தேன். வீடே ஒரே அறை. யார் மூட்டினாலும் புகை மாமியின் பாய்க்குத்தான் போகும். பத்து மணி வெயிலில் முற்றத்தில் காய்ந்த விறகு வைத்து மதியச் சோறு ஆக்கிவிடலாம். மாமி வாசலில் இருந்துகொள்வார். விடிகாலைதான் இடைஞ்சல். அப்போதுதான் எனக்கு அத்தா வீட்டுக் கோப்பை ஞாபகம் வந்தது. அடுப்பே வேண்டாமே!

வீட்டில் சொன்னதும் முதலில் எகிறியவர் என் வீட்டுக்காரர்.

"பழமெல்லாம் காய்ச்சக்காரனுக்கு வாங்கிட்டுப் போறது. தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில நிக்கிறவனுக்கு நாலு துண்டு பழம் எந்த மூலைக்கு?"

மாமி அதற்கு மேலே போனார்.

"பசியாறின பெறகு திங்கிறதுதாம்மா பழம். பழத்துலயே பசியாறுறது கொரங்குதான்."

"அப்ப எங்கத்தா வீட்ல அம்புட்டுப் பேரும் கொரங்கா மாமி?"

"நான் எங்க சொன்னேன்? நீயாச் சொல்லிக்கிற."

அடுத்து, வாழைப்பழம் சளி என்றார். அதற்கும் நான் சளைக்கவில்லை. வாழை குளிர்ச்சி, பப்பாளி சூடு, இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு உடம்புக்குச் சமமாகிவிடும், மேலே சுக்குப் பொடி தூவினால் சளி கிட்டவே வராது என்று ஒரு வைத்தியம் சொன்னேன். எந்த வைத்தியரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததுதான். மாமி நம்பினாரா என்று தெரியவில்லை. காலையில் நான் செய்து வைத்த கோப்பையிலிருந்து ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் அடுப்பை மூட்டினார்.

பத்து நாள் இப்படியே போனது. கோப்பையும் உண்டு, புகையும் உண்டு. என் பொறுமை போய்விட்டது. ஒருநாள் அவர் கையிலிருந்து ஊதாங்குழலைப் பிடுங்கி, "என்னத்துக்கு மாமி இந்தப் பிடிவாதம்? சாகணும்னு இருக்கீங்களா?" என்று கத்திவிட்டேன். மருமகள் பேசுகிற பேச்சில்லை.

மாமி கோபப்படவில்லை. அடுப்புக் குமிழில் கை வைத்துக்கொண்டு பேசினார்.

"உங்க மாமா மௌத்தானப்ப மூணு நாள் இது எரியல. சொந்தக்காரவுகளும் சந்துக்காரவுகளுந்தான் சோறு கொண்டாந்து கொடுத்தாக. நாலாம் நாள் சாம்பல அள்ளலாமுன்னு கைய வெச்சேன். சில்லுன்னு இருந்துச்சும்மா. அவுகளக் கடைசியாத் தொட்டப்ப இருந்த மாதிரி. அன்னைக்கு நெனச்சுக்கிட்டேன், என் உசுரு இருக்கிற வரைக்கும் ஒரு காலையிலயும் இது ஆறிக் கெடக்கக் கூடாதுன்னு. விடிஞ்சும் புகை வரலேன்னா மௌத் வீடுன்னுதான் அர்த்தம். உசுரோட நாலு பேரு இருக்கிற வீட்ட நான் அப்படிப் போட மாட்டேன்."

நாலு பேர் என்றது என் வயிற்றிலிருந்ததையும் சேர்த்து. அப்போது எனக்கு மூன்று மாதம். ஊதாங்குழலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த இருமலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானத்திலிருந்தே மாமிக்கு இழுப்பு. படுக்க முடியவில்லை. தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தார். மறுநாள் விடிகாலையில், தோல் லோடு இறங்குகிறது என்று என் வீட்டுக்காரர் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போனார். மாமி உட்கார்ந்தபடியே சுபுஹு தொழுதார். தொழுகைப் பாயிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு மாதத்தில் அவர் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

அப்போது முடிவு செய்தேன். தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். கங்கு கேட்டு வருகிறவர்கள் குரல் கொடுத்து எழுப்பிவிடக் கூடாது என்று வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். எழுந்து என்னைத் திட்டட்டும், அடிக்கக்கூடச் செய்யட்டும், இன்றைக்குப் புகை இல்லை என்று கொல்லைப் பக்கம் போனேன்.

அவருக்குப் பல் போதாது. அதனால் சிவப்பு அவலை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஊறப் போட்டேன். கொல்லை மரத்துப் பப்பாளி ஒன்று காம்புப் பக்கம் மஞ்சள் ஏறி, அழுத்தினால் கை பதிகிற பதத்தில் இருந்தது. அதைப் பொடியாக நறுக்கினேன். அத்தா அனுப்பிய மலைப்பழம், தோல் சுருங்கிக் கரும்புள்ளி விழுந்தது, அப்போதுதான் தேன் மாதிரி இருக்கும். அம்மி சத்தம் கேட்டுவிடும் என்று தேங்காயைத் துருவிக் கையாலேயே கசக்கிப் பிழிந்தேன். நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. இரண்டு கோப்பை ரெடியாகிவிட்டது. மாமி தூங்கிக்கொண்டே இருந்தார்.

சன்னல் வெயில் முகத்தில் விழுந்த பிறகுதான் கண் விழித்தார். முதலில் அடுப்பைப் பார்த்தார்.

"மூட்டலியா?"

"மூட்டல மாமி."

பெருமூச்சு விட வாய் திறந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுபடி ஒரு மூச்சு இழுத்தார். கரகரப்பு இல்லை. மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நான் கோப்பையைக் கொடுத்தேன்.

"உப்பு ஒரு கல்லு போட்டிருக்கலாம்" என்றார், இரண்டு வாய் தின்ற பிறகு. குறை சொன்னால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நேரத்தில் வாசலுக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா கொட்டாங்குச்சியோடு வந்திருக்கிறார். புகை இல்லை. கதவு சாத்தியிருக்கிறது. இருமலும் இல்லை. முந்தின நாள் மாமிக்கு இழுப்பு என்று சந்துக்கே தெரியும். இனி என்ன சந்தேகம்? கதவைத் தட்டி, மௌத்தாயிருச்சா என்று யாராவது கேட்க முடியுமா? உள்ளேயிருந்து அழுகை எழாமல் வெளியே அழுவதும் வழக்கமில்லை. அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் புருஷனிடம், மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் தோல் ஷாப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னார். அடுப்பு எரியாத வீட்டுக்காரர்கள் குடிக்க வேண்டுமே என்று தூக்குச்சட்டி நிறையக் கருப்பட்டிக் காப்பி போட்டார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசலில் நின்று காத்திருந்திருக்கிறார்கள். உள்ளே மாமி பப்பாளி தின்றுகொண்டிருந்தார்.

திடீரென்று கதவு அதிர்ந்தது. "அம்மா!" என்று ஒரு கத்தல். அது என் வீட்டுக்காரர் குரல் என்று அடையாளம் தெரிய எனக்குச் செத்த நேரம் பிடித்தது. ஓடிப் போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். பேகம்பூரிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது. கைலி கிழிந்திருந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், கோப்பையும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா? யாருக்கு என்ன?" என்றார் மாமி.

என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பின்னாலேயே தூக்குச்சட்டியோடு நுழைந்த எதிர்வீட்டு அக்கா, "இருக்கீகளா பெரியம்மா!" என்று சொல்லிவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை மொத்தமாக அழுதார். வாசல் முழுக்கத் தலைகள்.

மாமிக்குப் புரிந்துவிட்டது. காப்பிச் சட்டியைப் பார்த்தார், அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எந்த ஒன்று நடந்துவிடக் கூடாது என்று அவர் இத்தனை வருஷம் புகையைத் தின்றாரோ, அதை நான் ஒரே காலையில் நடத்திக் காட்டிவிட்டேன். உயிரோடு இருக்கிற வீட்டை மௌத் வீடாக்கிவிட்டேன். நாளைக்கு விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டிவிடுவார், இனிமேல் என் பேச்சு எடுபடாது, அடுத்த இழுப்பில் இவர் போய்விடுவார் என்று தோன்றியது. இடுப்பிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

மாமி சிரிக்க ஆரம்பித்தார். நான் இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. முழுச் சிரிப்பையும் சிரித்து முடித்தார்.

"நான் போனா யாரு யாரு வருவீகன்னு இருந்து பார்த்துட்டேன். எத்தன பேருக்குக் கெடைக்கும் இது?" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "நல்லாக் கேட்டுக்கங்க. இனிமே காலையில எங்க வீட்ல புகை வராது. புகை வரலேன்னா, நான் நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்."

"அப்ப கங்கு?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார் அக்கா.

"பத்து மணிக்கு வா தாயி, தாரேன். இப்ப அந்தக் காப்பிய ஊத்து. எனக்காகப் போட்டதுதான?"

என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த என் கோப்பையை எடுத்து வழித்துத் தின்றார். காய்ச்சக்காரனைப் பற்றி அவர் பேசவில்லை.

அந்தக் கோப்பையில் மாமி ஏழெட்டு வருஷம் பசியாறினார். சித்திரையில் நத்தம் பக்கத்து மாம்பழம், ஆனியில் சிறுமலைப் பலாச்சுளை, மழைக்காலத்தில் கொய்யா. பலாச்சுளை தின்றால் வயிறு உப்புசம் என்பார், ஆனால் விடமாட்டார். உப்பு ஒரு கல் போட நானும் பழகிக்கொண்டேன். இளைப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டி பிடிக்கிற நிலைமை மறுபடி வரவில்லை. என் மகனைத் தொடையில் உட்கார வைத்து, தன் கோப்பையிலிருந்து ஊட்டிவிடுவார். எதிர்வீட்டு அக்கா ஊரிலிருந்து பப்பாளி வந்தால் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னைக்கும் பழந்தானா? கொரங்கு தோத்துச்சு போங்க" என்பார். மாமி விட மாட்டார். "உனக்குத் தெரியாது தாயி. வாழ குளிர்ச்சி, பப்பாளி சூடு. பெரியவுக சொன்னது" என்று விளக்குவார். அந்தப் பெரியவர் நான்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம். தொழுதுவிட்டுச் செத்த நேரம் சாய்கிறேன் என்று மாமி படுத்தார். நான் பழம் நறுக்கிக் கோப்பையைக் கொண்டுபோய் எழுப்பினேன். எழவில்லை. இழுப்பு இல்லை, இருமல் இல்லை. தூக்கத்திலேயே போயிருந்தார். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்து வாசலில் நின்றேன். யாராவது வந்து என்னைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று இருந்தது. சந்தில் எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டு ஓட்டிலும் புகை போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் எங்கள் ஓட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டே நடந்தார்கள். யாரும் நிற்கவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு தனியாக இருந்தது. நானேதான் படி இறங்கி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் எதிர்வீட்டில் சொன்னேன். அக்கா கோலப்பொடிக் கையோடு நிமிர்ந்து, எங்கள் வீட்டு ஓட்டைப் பார்த்தார்.

"போ புள்ள, வெளையாடாத. அதான் புகை வரலையே, நல்லாத்தான இருப்பாக" என்றார்.